ரோஸ் நிறம் வராத திரை

சர்வே ஆபீஸில் கலர் மானிட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் கலர் சரியாக வரவில்லை. மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களும் கறுப்பு வெள்ளை. எனக்கு அப்போது முப்பது வயது. தினக்கூலிக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. ஊரிகத்து லைன் வீட்டிலிருந்து நந்திதுர்க் பக்கம் இருந்த ஆபீஸுக்குக் காலையில் நடந்து போய் சாயங்காலம் நடந்தே திரும்புவேன். தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மூடுவார்களா, மாட்டார்களா என்று பேசிப் பேசி ஊருக்கே அலுத்துப்போயிருந்தது. எனக்கும் அலுப்புதான். அந்த அலுப்பு ராத்திரி தூங்கி எழுந்தாலும் போகாது.

மூடுவதற்கு முன்னால் முடிக்கவேண்டிய வேலைகளில் ஒன்றாக, பழைய பிளான்களை எல்லாம் பெங்களூருக்கு அனுப்பி ஸ்கேன் செய்து சி.டி.யில் வாங்கியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் துணியில் வரைந்து, கையால் வண்ணம் பூசிய பிளான்கள். பூமிக்குக் கீழே எங்கே வெட்டினார்கள், எங்கே வெட்டாமல் விட்டார்கள் என்பதை அதில் நிறம்தான் சொல்லும். நீலம் என்றால் வெட்டாத பாறை. மஞ்சள் என்றால் வெட்டி எடுத்தபின் மணலும் கல்லும் போட்டு நிரப்பிய இடம். ரோஸ் என்றால் வெட்டியதோடு அப்படியே விட்டுவிட்ட இடம், உள்ளே வெறும் பள்ளம். ஸ்கேன் முடிந்ததும் அசல் பிளான்களைத் தகரக் குழாய்களில் போட்டு சீல் வைத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் மிஞ்சியது சி.டி. மட்டும்தான்.

அந்த சி.டி.யைப் போட்டு பிளானைத் திறந்தால் நீலம் நீலமாகவே வரும். மஞ்சளும் ரோஸும் மட்டும் ஒரே செங்கல் நிறமாக, புள்ளி புள்ளியாக வரும். பிளானின் மூலையில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று காட்டுகிற மூன்று கட்டங்கள் உண்டு. அவற்றில் இரண்டு கட்டங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எது நிரப்பிய இடம், எது நிரப்பாத இடம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அது தெரிந்தாக வேண்டிய நேரமும் வந்துவிட்டது. பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு நாள் காலையில் குழாயடித் தரை முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. யாருக்கும் அடி படவில்லை, ஒரு குடம் மட்டும் நசுங்கியது. ஆனால் விஷயம் மேலே போய், ஒரு கமிட்டி போட்டார்கள். எந்தெந்த லைன்களுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்திலேயே பள்ளம் இருக்கிறதோ அந்த லைன்களைக் காலி செய்யவேண்டும். கமிட்டி வியாழக்கிழமை வந்து திரையில் பிளானைப் பார்த்துப் பட்டியல் போடும். அதற்குள் கலரைச் சரிசெய்து வைக்கச் சொல்லி சர்வேயர் திங்கட்கிழமை காலையில் என்னிடம் சொன்னார். அவர் ரிட்டயர் ஆக நாலு மாதம்தான் இருந்தது. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் லைனும் அந்த பிளானில் இருந்தது. கம்பெனி ஒரே வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய பதினாறு வீடுகள். கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. அங்கே நானும் அப்பாவும் இருந்தோம்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி. வீட்டுக்கும் குழாயடிக்கும் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சுகம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பது. மாதா கோயிலுக்குப் போகிற பெண்களிடம் தனக்காகவும் ஒரு ஜெபம் சொல்லச் சொல்வார், திரும்பி வரும்போது சொன்னார்களா என்று விசாரிப்பார். காலி செய்கிறவர்களுக்கு பாலகாட் பக்கம் குவார்ட்டர்ஸ் தருவதாகப் பேச்சு இருந்தது. அங்கே காலியாக இருந்தவை எல்லாம் இரண்டாம் மாடி. அப்பாவை இரண்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தால் அதிக நாள் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை, கூட இருக்கிறவளுக்குத் தெரியாதா?

ஆனாலும் நான் ரொம்பப் பயப்படவில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது, பூமிக்குள் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரங்கள் குலுங்குகிறபோதெல்லாம் நமக்குக் கீழே பள்ளமா என்று அப்பாவிடம் கேட்பாள். நம் லைனுக்குக் கீழே எல்லாம் மணல் நிரப்பியாகிவிட்டது, பேசாமல் தூங்கு என்பார். சுரங்கத்துக்குள் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் தூங்கிவிடுவோம். கலர் சரியானால் எங்கள் லைன் மஞ்சளாக வரும் என்று நம்பித்தான் நான் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் மானிட்டரைச் சந்தேகப்பட்டேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து டி.வி. ரிப்பேர் செய்கிறவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் கேபிளை மாற்றினார், பின்பக்கம் திறந்து ஊதினார், பிக்சர் டியூப் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அதே திரையின் அடியில் ஒரு ஐகானில் சிவப்பு பளிச்சென்று இருந்தது. டியூப் போயிருந்தால் அந்தச் சிவப்பு மட்டும் எப்படித் தப்பித்தது? பிறகு படம் பார்க்கிற புரோகிராம்களைச் சந்தேகப்பட்டேன். இருந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றில் புள்ளியாக வந்த செங்கல் நிறம் இன்னொன்றில் திட்டுத் திட்டாக வந்தது, அவ்வளவுதான். கண்கள் எரிந்தன. சாயங்காலம் நடந்து போகும்போது தங்கம் பிரித்தபின் வழியில் கொட்டிவைத்திருந்த சயனைடு மண்மேடு, சர்ச் சுவர், ஆடுகள் எல்லாமே எனக்குச் செங்கல் நிறமாகத் தெரிந்தன.

செவ்வாய்க்கிழமை கையேட்டை எடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் பெங்களூர் இன்ஜினியர் ஒருவர் லினக்ஸ் போட்டு, கூடவே ஒரு விண்டோ மேனேஜரும் போட்டிருந்தார். ஜன்னல்களுக்குச் சட்டம் போடுவது, சுருக்கினால் கீழே ஐகானாக வரிசையில் வைப்பது எல்லாம் அதன் வேலை. அவர் விட்டுப்போன காகிதக் கட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். இந்த மெஷினின் டிஸ்ப்ளே கார்டுக்கு மெமரி குறைவு. இந்த அளவு திரைக்கு ஒரே நேரத்தில் இருநூற்று ஐம்பத்தாறு நிறங்கள்தான் முடியும். திரையில் இருக்கிற அத்தனை ஜன்னல்களும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். திரையின் அளவைச் சுருக்கினால் நிறத்தைக் கூட்டலாம், ஆனால் அதற்கு மொத்தத்தையும் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஒரு படத்துக்கு மட்டும் தனியாக நிறப் பட்டியல் கொடுக்க வழி உண்டு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு என்னிடம் இருந்த அறிவு அவ்வளவுதான்.

மொத்தத்தையும் நிறுத்துவது என்ற பேச்சே எடுபடவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது மட்டும் இல்லை. ஆழத்தில் பாறை வெடிக்கிறபோது கருவி பதிவு செய்கிற அலைகளைப் பார்ப்பதற்கும் அதுதான். மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் உண்டு. மூவரும் ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்து, உடம்பு முடியாமல் மேலே வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களிடம் நிறுத்துவது என்று சொன்னால் வேறு ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டமாதிரி பார்ப்பார்கள்.

காரணம் இருந்தது. சுரங்கத்தில் முந்தின ஷிஃப்ட் ஓடவிட்டுப் போனதை அடுத்த ஷிஃப்ட் நிறுத்தக்கூடாது. பம்ப் ஆகட்டும், ஃபேன் ஆகட்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கைமாற வேண்டும். மாற்றுகிற ஆள் வந்து, பார்த்து, புத்தகத்தில் ‘ரன்னிங்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முந்தின ஆள் கேஜில் ஏறி மேலே வருவான். பம்ப் நின்றால் கீழே தண்ணீர் ஏறும், ஆள் சாவான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் டப்பாவில் இருந்த தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே திரையின் அடியில் இருந்த ஐகான்களை எண்ணினேன். சும்மா, வேறு வேலை ஓடாமல்தான் எண்ணினேன். இரண்டு வரிசையில் இருபத்து மூன்று இருந்தன. பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூன்று பேரும் ஷிஃப்ட் முடிகிறபோது தங்கள் அலை ஜன்னலை மூடுவதில்லை. சுருக்கிக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தில் ‘ரன்னிங்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் அதைத் தொடமாட்டார். தனக்கென்று புதிதாக ஒன்று திறப்பார். ஜன்னலைச் சுருக்கினால் அது கண்ணிலிருந்துதான் மறையும், கையில் பிடித்த நிறங்களை விடாது. ஒவ்வொரு அலை வரைபடமும் தனக்கு வேண்டிய பச்சை, ஊதா, சிவப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தது. கடைசியாக வருகிற பிளானுக்கு, ரேஷன் கடையில் சாக்கு காலியாகிற நேரத்தில் போனவளுக்குக் கிடைக்கிற அரிசி மாதிரி, மிச்சம் மீதிதான் கிடைத்தது. அந்த மிச்சம்தான் செங்கல் நிறம்.

அவர்களைத் திட்டலாம் என்று வாய் வரை வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், இருபத்து மூன்றில் ஏழு ஐகான்கள் என்னுடையவை. சி.டி. வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் பிளானைச் சுருக்கிவைத்துவிட்டுப் போய், காலையில் வந்து புதிதாக ஒன்று திறந்திருக்கிறேன். பம்ப்காரர் மகளுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்? என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

இரண்டாம் ஷிஃப்ட் அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பழைய ஜன்னல்களில் ஓடுவது ஒன்றும் இல்லை, பதிவெல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது, மூடினால் ஒரு சேதமும் வராது என்று மூன்று விதமாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு சொன்னார்:

“நீ சொல்றது புரியுதும்மா. ஆனா ரன்னிங்ல இருக்கறத நிறுத்த எனுக்குக் கை வரல. நீ புக்ல எழுதி கையெழுத்து போட்டு நிறுத்திக்கோ.”

எழுதினேன். கலருக்காக இருபத்து மூன்று ஜன்னல்களை நான் மூடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் கீழே போட்டார். நான் ஒவ்வொன்றாக மூட, அவர் என் பின்னால் நின்று வெளியே சுரங்கத்து ஷாஃப்ட் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதுவும் நிற்கவில்லை என்று தெரிந்ததும் போய் உட்கார்ந்தார்.

பிளானைத் திறந்தேன். முதலில் பார்த்தது மூலைக் கட்டங்களைத்தான். நீலம், மஞ்சள், ரோஸ். மூன்றும் தனித்தனியாக, துணியில் பூசியபடியே வந்திருந்தன. இரண்டு நாள் பட்ட பாடு ஒரு நொடியில் மறந்தே போனது. சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்போடேயே ஊரிகம் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். எங்கள் லைன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ரோஸாக இருந்தது. முதல் லெவல், தரைக்கு மிகப் பக்கத்தில். பதினாறு வீட்டுக்கும் கீழே பள்ளம்.

பிளானை மூடினேன். ஐந்து மணிக்கு சர்வேயர் வந்து கேட்டபோது, இன்னும் சரியாகவில்லை, நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் சரி என்று போய்விட்டார்.

பொய் சொல்வதற்கு நான் எதுவும் செய்யவேண்டியதில்லை என்பதுதான் அதில் கொடுமை. சும்மா இருந்தாலே போதும். வியாழக்கிழமை காலைக்குள் மூன்று ஷிஃப்டும் சேர்ந்து திரையின் அடியை மறுபடி நிரப்பிவிடும், நிறம் தானாகக் கெட்டுவிடும். கமிட்டிக்காரர்கள் செங்கல் நிறத்தைப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். அப்பா வாசலிலேயே இருப்பார். அப்படி நினைக்கும்போதே பக்கத்து வீட்டு இரண்டு பெண்குழந்தைகள் ஞாபகத்துக்கு வரும். பாண்டி ஆடுகிறவர்கள். தரையில் தொம் தொம்மென்று குதித்துக்கொண்டேதான் இருப்பார்கள். புதன்கிழமை முழுவதும் என்னால் எந்த வேலையும் செய்யமுடியவில்லை. அன்றைக்கும் சர்வேயரிடம் அதே பொய்யைச் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து சொன்னேன். கலர் வந்துவிட்டது, நம் லைனுக்குக் கீழே மணல் இல்லை, பள்ளம்தான் என்றேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று பயந்து, மருந்துப் புட்டியைக்கூடப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

“தெரியும்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். “மொத லெவல்ல ஒரு பம்ப் ஸ்டேஷன் இருந்திச்சு. மேல இருந்து வர்ற மழைத்தண்ணிய அங்கயே புடிக்கறதுக்கு. ரெண்டு வருஷம் அங்க ட்யூட்டி பாத்துக்கினு இருந்தேன். நம்ம லைனுக்கு நேரா கீழ. மணலும் இல்ல, மண்ணும் இல்ல. லைட் அடிச்சா அந்தாண்ட சுவரு தெரியாது.”

“அம்மாகிட்ட மணல் இருக்குன்னு சொன்னியே?”

“வேற இன்னா சொல்றது? வேற ஊடா குடுத்தான் கம்பெனிக்காரன்?”

இருபத்தைந்து வருஷம் அதன்மேல் எங்களைப் படுக்கவைத்திருக்கிறார். எனக்கு வந்தது கோபம். அழுகை இல்லை, கோபம்தான். ஏதாவது கடுமையாகச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் மெஷின்ல கலரு வரலன்னே இருக்கட்டும்மா. எனுக்கு இன்னும் எத்தினி நாளு? என்ன மாடில ஏத்தாத.”

அப்பா என்னிடம் அதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

வியாழக்கிழமை காலை ஆபீஸுக்குப் போனபோது திரையின் அடியில் ஆறு ஐகான்கள் இருந்தன. பிளானைத் திறந்தேன். நினைத்தபடியே, அந்த ஆறுக்கே செங்கல் நிறம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கமிட்டியின் ஜீப் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. புத்தகத்தை எடுத்து, ஆறு ஜன்னல்களை மூடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் ஷிஃப்ட் அண்ணன் என்ன ஏது என்று கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அலுப்பு. மூடிவிட்டுப் பிளானைத் திறந்து வைத்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டார்கள். சர்வேயர் கோலால் ஒவ்வொரு லைனாகக் காட்டினார். ஒருவர் குறித்துக்கொண்டார். எங்கள் லைன் வந்தபோது மற்ற லைன்களுக்குக் கேட்காத ஒன்றை அவர்களில் மூத்தவர் என்னிடம் கேட்டார். இந்தக் கலரை நம்பலாமா என்று கன்னடத்தில் கேட்டார். நம்பலாம் சார் என்றேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஜீப் கிளம்பிப் போனது.

ஒரு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. லைனில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் அம்மாவும் அதில் சேர்த்தி. கலரைச் சரிசெய்தது நான்தான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது நான் பயந்த அதே இரண்டாம் மாடி. அப்பாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பின்னால் மருந்துப் பையோடு ஏறினேன். முதல் மாடித் திருப்பத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். அப்பா அவர்களிடம், பார்த்துப் போங்க என்று சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. மேலே ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் வானமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். வம்புக்கு இழுக்க ஒரு ஆள் இல்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே படிகள் வழியாக அவரைக் கீழே கொண்டுவந்தோம். நடுவில் ஒரு நாளும் அவர் இறங்கவில்லை. கடைசிவரை என்மேல் கோபமாக இருந்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

சுரங்கத்தை மூடிய பிறகு எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. விடிகாலை ரயிலில் போய்வருகிறேன். ஊரிகம் ஸ்டேஷனில் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் எங்கள் லைன் தெரியும். ஓடு எல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், கதவுகளும் இல்லை. ஆனால் பதினாறு வீட்டுச் சுவர்களும் நின்றுகொண்டிருக்கின்றன, ஒரு விரிசல்கூட இல்லாமல். எங்கள் வாசலில் யாருடைய ஆடோ படுத்திருக்கும். அந்த லைன் விழுந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி நினைப்பது தப்பு என்று தெரிந்துதான் தினமும் இடது பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்து பார்க்கிறேன்.